இன்ஸ்பெக்டரின் முதல் வாய்

என் அண்ணியை ஒட்டடைக்குச்சி என்றுதான் தெருவில் சொல்வார்கள். காதுபடவே சொல்வார்கள், அவளும் திரும்பிப் பார்த்து என்ன என்று கேட்பாள். அவ்வளவு நெட்டை, அவ்வளவு ஒல்லி. ஆனால் அந்த ஒல்லி இடுப்பில் ஒரு கைக்குழந்தை இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. போன வருடம் பார்த்த குழந்தை இந்த வருடம் இருக்காது, வேறொன்று இருக்கும். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் குழம்பிப்போய் என்னிடம் வந்து, உங்கள் அண்ணிக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரிப்பார்கள். சொந்தமாக ஒன்று, இரவலாக நிறைய என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

சொந்தப் பிள்ளை வளர்ந்து வேலைக்கென்று வேறு ஊருக்குப் போய்விட்டான். இரவல் பிள்ளைகள் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து வந்தவை. பெற்றவர்களால் வளர்க்க முடியாமல் போன குழந்தைகளுக்கு நிரந்தரமாக ஒரு வீடு கிடைக்கும்வரை, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் அல்லவா, அந்த ஆள் என் அண்ணி. என் அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். நான் அவர்கள் வீட்டு முன்னறையில் தையல் இயந்திரம் போட்டு ஜன்னல் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறேன். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள். என் தலையில் நரை வந்துவிட்டது, இன்னும் போகவில்லை. ஒருநாளும் அண்ணி என்னை எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டதில்லை. இந்த வீட்டில் போகச்சொல்லாமல் வைத்துக்கொண்டிருக்கும் ஒரே இரவல் நான்தான்.

குழந்தைகளுக்கு நாங்கள் பெயர் வைக்கக் கூடாது. அது அலுவலகத்தின் சட்டம். பெயர், வரப்போகும் பெற்றோருடைய உரிமையாம். அதனால் அண்ணன் பட்டப்பெயர் வைப்பான். விடிவதற்குள் வீட்டையே எழுப்பிய ஒருவனுக்கு அலாரம். எப்போதும் தூங்கிய ஒருத்திக்குப் பென்ஷன்.

அண்ணிக்கென்று தனியாக ஒரு சட்டம் இருந்தது. அதை யாரும் அவளுக்குப் போடவில்லை. பால் புகட்டுவாள், தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு அலைவாள், காய்ச்சல் அடித்தால் மடியை விட்டு இறக்க மாட்டாள். ஆனால் குழந்தை முதன்முதலாகச் சாப்பிடும் அந்த மசித்த உணவை மட்டும் தன் கையால் ஊட்ட மாட்டாள். பெரும்பாலும் அந்த வயது வருவதற்குள் குழந்தைகள் போய்விடும், அதனால் சட்டத்துக்குச் சோதனை வந்ததில்லை.

"பால் யாரு வேணா குடுக்கலாம். மொத வாய் சாப்பாடு அம்மாதான் ஊட்டணும். அதையும் நாமளே ஊட்டிட்டா, பாவம், அவங்களுக்கு என்னதான் மிச்சம் வெக்கிறது?" என்பாள்.

பெற்றெடுக்கவும் இல்லை, பிறந்த அன்றைக்குப் பார்க்கவும் இல்லை, முதல் சிரிப்பையும் யாரோ பார்த்தாகிவிட்டது. இந்த ஒன்றாவது அவர்களுக்கு இருக்கட்டும் என்பது அவள் கணக்கு. நான் கேலி செய்வேன். நீங்களே ஒரு டப்பாவில் உருளைக்கிழங்கை மசித்துப் போட்டு, குழந்தையோடு பார்சல் கட்டி அனுப்பிவிடுங்களேன் என்பேன். சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

அப்படி இருந்தவளிடம்தான் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தாள்.

பிறந்து சில நாளே ஆன பெண்குழந்தை. கொண்டுவந்தது கைப்பை மேடம். அலுவலகத்தில் எங்கள் பக்கத்துக் குழந்தைகளைக் கவனிக்கும் அதிகாரி அவர், ஒரு குடும்பத்தையே உள்ளே போட்டு மூடிவிடலாம் போல ஒரு கைப்பையோடு வருவார், அதனால் நான் வைத்த பெயர் அது. துணியை விலக்கிப் பார்த்தால் குழந்தை அழவில்லை. புருவத்தைச் சுருக்கி எங்கள் ஒவ்வொருவரையும் முறைத்துப் பார்த்தது. இந்த வீட்டில் ஏதோ களவு போயிருக்கிறது, உங்களில் ஒருவர்தான் எடுத்திருக்கிறீர்கள் என்பது மாதிரி ஒரு பார்வை. அண்ணன் தன்னையறியாமல் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டான். அப்போதே பெயர் விழுந்துவிட்டது.

சுகாதார நிலையத்திலும் அதே கதைதான். எடை பார்க்கும் நாளில் அந்த நடைபாதை முழுக்கக் குழந்தைகளின் அலறலாக இருக்கும். துணியெல்லாம் கழற்றிச் சில்லென்ற தட்டில் படுக்க வைத்தால் எந்தக் குழந்தைதான் சும்மா இருக்கும்? இன்ஸ்பெக்டர் சும்மா இருந்தாள். எடை பார்க்கும் நர்ஸ் கடுகடுவென்று இருக்கிறவள். இன்ஸ்பெக்டர் அவளையே முறைத்துப் பார்த்தபடி கிடந்தாள். தொடையில் ஊசி போட்டபோதுகூட முதலில் யார் போட்டது என்று திரும்பிப் பார்த்து, ஆளை அடையாளம் வைத்துக்கொண்ட பிறகுதான் அழுதாள். "அக்கா, இது பெரிசானா நம்ம எல்லாத்தையும் உள்ள தூக்கிப் போட்ரும்" என்று நர்ஸ் சொன்னாள். அந்த நர்ஸ் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இவளுக்கென்று பார்த்து வைத்திருந்த குடும்பம் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றுவிட்டது. வேறு இடம் பார்க்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார் மேடம். பொறுத்துக்கொள்வதில் அண்ணிக்கு என்ன கஷ்டம்? முகம் மலர்ந்து தலையாட்டினாள். இதற்குள் இன்ஸ்பெக்டருக்கு ஆறு மாதம் தாண்டிவிட்டது.

எடை ஏறுவது நின்றுவிட்டது. நர்ஸ் அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தபோது, அதுவரை மேலே ஏறிக்கொண்டிருந்த கோடு படுத்துவிட்டது. டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். பால் மட்டும் இனிமேல் போதாது, பிறக்கும்போது உடம்பில் கொண்டுவந்த இரும்புச் சத்தெல்லாம் இந்த வயதில் தீர்ந்துபோகும், நன்றாக மசித்த உணவு கொடுக்க ஆரம்பியுங்கள் என்றார். அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து, கூட ஒரு தடவை பால் கலக்கிக் கொடுத்தாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. உங்கள் சட்டத்துக்காகக் குழந்தையைப் பட்டினி போடுவீர்களா என்று கேட்டுவிட்டேன். இன்றைக்கோ நாளைக்கோ ஆள் வந்துவிடுவார்கள் என்று மென்று விழுங்கினாள். யாரும் வரவில்லை. அடுத்த முறை எடை பார்த்தபோதும் கோடு எழுந்திருக்கவில்லை. டாக்டர் இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்றார்.

 வீடு வரும் வழி முழுக்க அண்ணி இன்ஸ்பெக்டரின் தலையில் முகவாயை வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்பில் உருளைக்கிழங்கைப் போட்டாள்.

அண்ணன் அன்றைக்கே பழைய சாமான் கடையிலிருந்து குழந்தையை உட்கார வைத்து ஊட்டும் உயர நாற்காலி ஒன்றை வாங்கிவந்தான். ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து அதன் அடியில் வைத்தான். இன்ஸ்பெக்டர் அதில் நிமிர்ந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்தாள். கிழங்கை அவள் குடிக்கும் பாலையே ஊற்றிக் குழைத்து, கரண்டி நுனியில் எடுத்து அண்ணி வாயில் வைத்தாள். நாக்கு அப்படியே வெளியே தள்ளிவிட்டது. மறுபடி வைத்தாள், மறுபடி தள்ளியது. அடுத்த நாள் பரங்கிக்காய், அதற்கடுத்து கேரட், எல்லாம் கழுத்துத் துணிக்குத்தான் போயின. நர்ஸிடம் கேட்டதற்கு, பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை அக்கா, உறிஞ்சத்தான் தெரியும் அந்த நாக்குக்கு, உள்ளே தள்ளக் கற்றுக்கொள்ள நாளாகும், வலுக்கட்டாயமாகத் திணிக்காதீர்கள் என்று சொன்னாளாம். ஆனால் போகப்போக நாக்கு தள்ளுவதுகூட நின்று, இன்ஸ்பெக்டர் வாயைத் திறக்கவே மறுத்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டு கரண்டியை முறைத்தாள்.

ஒருநாள் அலுத்துப்போய், வீணாகப் போகவேண்டாம் என்று தனக்கு வேறொரு கரண்டி எடுத்து அண்ணி அதே கிண்ணத்திலிருந்து தானே ஒரு வாய் சாப்பிட்டாள். இன்ஸ்பெக்டர் உற்றுப் பார்த்தாள். அண்ணி விழுங்கினாள். "ஆ, காலி" என்று வாயைத் திறந்து காட்டினாள். இன்ஸ்பெக்டர் அந்த வாய்க்குள் நன்றாகப் பார்த்தாள். பிறகு தன் வாயைத் திறந்தாள்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். முதலில் அண்ணி சாப்பிட வேண்டும். விழுங்க வேண்டும். வாயைத் திறந்து காலி என்று காட்ட வேண்டும். சாப்பிட்டவள் பிழைத்துக்கொண்டாள் என்று உறுதியான பிறகுதான் விசாரணை முடிந்து இன்ஸ்பெக்டர் வாய் திறப்பாள். ஒவ்வொரு வாய்க்கும் இதே நடைமுறைதான், எதிலும் சலுகை கிடையாது. நானும் முயன்றேன். சாப்பிடுவது போல நடித்துக் கரண்டியை நீட்டினேன். என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகிவிட்டது.

பருப்பு, முட்டை மஞ்சள்கரு, வாழைப்பழம், குழைந்த சோறு எல்லாம் உள்ளே போயின. கோடு எழுந்து நடக்க ஆரம்பித்தது. உப்பில்லாத அத்தனையையும் கூடவே சாப்பிட்டு அண்ணிக்கும் கன்னம் வைத்தது. ஒட்டடைக்குச்சிக்குத் துணி சுற்றினாற்போல் இருக்கிறாள் என்று அண்ணன் சொன்னான். நான் அந்த வீட்டில் பார்த்த நல்ல காலம் அதுதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நான் வேடிக்கை பார்க்கப் போய்விடுவேன்.

ஆனால் சட்டத்தை ஒருமுறை மீறிவிட்டவளுக்கு அதற்குமேல் எதுவும் தடையாக நிற்கவில்லை. மேடம் வந்தபோது, இந்தக் குழந்தையை நாங்களே வைத்துக்கொள்கிறோமே என்று அண்ணி கேட்டாள். இத்தனை குழந்தைகளை அனுப்பியவள் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டாள். மேடம் கைப்பையை மடியில் வைத்து அதன் வாரையே தடவிக்கொண்டிருந்தார். வயது தாண்டிவிட்டது அம்மா, உங்களுக்கும் சரி அவருக்கும் சரி, இது உங்களுக்கே தெரியும் என்றார். தெரியும், சும்மா கேட்டேன் என்று அண்ணி சிரித்தாள். சமையலறைக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் கழுவினாள். கழுவப் பாத்திரமே இல்லை.

அப்புறம்தான் அந்தத் தம்பதி வந்தார்கள். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர்கள். வருகிறவர்கள் கண்ணைக் கணவர் சோதித்துப் பார்க்க, அவள் மூக்கில் கண்ணாடியைப் பொருத்திச் சரிசெய்வாளாம். குழந்தை பழகுவதற்காக ஒரு வாரம் தினமும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று நானும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் குழந்தையைத் தூக்குமுன் ஒவ்வொரு தடவையும் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள். நெடுங்காலம் காத்திருந்தவள் என்பது அந்தக் கையிலேயே தெரிந்தது. தூங்கும் நேரம், குளிக்கும் சூடு, எந்தப் பக்கம் படுத்தால் பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில் ஒன்றைக் கேட்கத் தயங்கினாள்.

"சாப்பாடு... ஆரம்பிச்சிட்டீங்களா?"

கேட்ட முகத்தில், ஆமாம் என்ற பதிலைக் கேட்கத் தயாராகிவிட்ட ஒரு சிரிப்பு இருந்தது. அண்ணி அதைப் பார்த்தாள்.

"இல்லைங்க. டாக்டர் ஆரம்பிக்கச் சொல்லிட்டாரு. நீங்க வர்றீங்கன்னதும் உங்களுக்காக நிறுத்தி வெச்சிருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்திலிருந்த மேடமுக்கும் இந்தச் சங்கதி தெரியாது. அவர் வந்துபோன நேரங்களில் இன்ஸ்பெக்டர் பால்புட்டியோடுதான் இருந்திருக்கிறாள். கண்ணாடிக் கடைக்காரி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் அண்ணி கிழங்கு வேகவைத்து, மசித்து, கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கணவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக் கடைக்காரி கரண்டியை நீட்டினாள். இன்ஸ்பெக்டர் கரண்டியைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் சுவரோரம் நின்ற அண்ணியின் வாயைப் பார்த்தாள். காத்திருந்தாள். இன்னும் சாப்பிடவில்லையே, இன்னும் காட்டவில்லையே என்று அண்ணியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். 

வெட்கப்படுகிறாள் என்றார் கணவர். பழகிவிடுவாள் என்றாள் அண்ணி. உதட்டில் கொஞ்சம் ஒட்டியதை முதல் வாய் என்று எடுத்துக்கொண்டு அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். மறுநாள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சட்டப்படி ஆறு மாதத்துக்கு நாங்கள் போய்ப் பார்க்கக் கூடாது, குழந்தை புது வீட்டில் வேர்பிடிக்க வேண்டுமாம். அண்ணன் அந்த நாற்காலியைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவைத்தான். அட்டையையும் மறக்காமல் அதன் மேலேயே வைத்தான்.

அண்ணி முன்னெல்லாம் இரண்டு நாள் அழுவாள், மூன்றாம் நாள் தொட்டில் துணியைத் துவைத்துப் போட்டுவிட்டு அடுத்த குழந்தை எப்போது என்று கேட்பாள். இந்தத் தடவை அழவும் இல்லை, துவைக்கவும் இல்லை. ஏன் அண்ணி அந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். சொன்னால் முன்னாடியே ஊட்டிவிட்டேன் என்று தெரிந்துபோகுமே, குழந்தை தானாகப் பழகிக்கொள்ளும் என்றாள். அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

சில வாரம் கழித்து மேடம் போன் செய்தார். குழந்தை அங்கே ஒன்றுமே சாப்பிடவில்லை. வாயைத் திறப்பதே இல்லை. பாலை மட்டும் குடிக்கிறது. கோடு படுத்துவிட்டது, போன தடவை கீழே இறங்கியும்விட்டது. அவர்கள் பக்கத்து டாக்டர் மற்ற சோதனையெல்லாம் செய்து பார்த்துவிட்டார், நோய் எதுவும் இல்லை. அந்தப் பெண் தன்னைக் குழந்தைக்குப் பிடிக்கவில்லை என்று அழுது ஓய்கிறாள். இப்படியே போனால் யோசிக்க வேண்டியிருக்கும், கொஞ்ச காலம் உங்களிடமே கொண்டுவந்து விடவேண்டி வரலாம், இடம் இருக்கிறதா என்று கேட்டார்.

இருக்கிறது என்றாள் அண்ணி. வேறெதுவும் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள்.

விஷயத்தைக் கேட்ட அண்ணன் சாப்பிட்ட கையைக்கூட நன்றாகத் துடைக்காமல் எழுந்துபோனான். நாற்காலியை இழுத்து வெளியே போட்டுத் தூசு தட்டினான். பழைய அட்டையை எடுத்துவிட்டுப் புது அட்டை மடித்து வைத்தான். ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை.

"வரட்டுமே. நாமளா போய் கூப்பிட்டோம்? அதுவா வருது" என்றான்.

 எனக்கும் அதே ஆசைதான், பொய் சொல்வானேன். ஒரு வாரம் சும்மா இருந்தால் போதும். யாரும் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யவேண்டாம், சும்மா இருந்தால் போதும். அந்தச் சாயங்காலம் நான் ஒரு நல்ல திரைச்சீலைத் துணியைக் குட்டையாக வெட்டிப் பாழாக்கினேன்.

அண்ணி வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாள். தொட்டில் துணியை எடுத்து மோந்து பார்த்தாள், மடித்து வைத்தாள், மறுபடி எடுத்தாள். காலையில் அண்ணன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போனை எடுத்தாள். அண்ணன் அவள் கையைப் பிடித்தான். அவன் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

"சொல்லாத" என்றான்.

"அது அங்க உக்காந்துகிட்டு, இவங்க எப்ப மொதல்ல சாப்பிட்டுக் காட்டுவாங்கன்னு ஒவ்வொரு வேளையும் பாத்துகிட்டே இருக்கும்ங்க. பசியோட பாத்துகிட்டே இருக்கும்."

அண்ணன் கையை விட்டுவிட்டான். போகும்போது நாற்காலியை மறுபடி கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனான்.

மேடமின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும் என்பது போனில் வந்த குரலிலேயே தெரிந்தது. இவ்வளவு வருடம் பழகியவர் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். அண்ணி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். வித்தையைச் சொன்னாள். மேடம் அதை அங்கே சொன்னார். ஆனால் ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு, குழந்தை முன்னால் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள் என்ற அளவில்தான் போய்ச் சேர்ந்தது போலிருக்கிறது. தம்பதி தங்கள் தட்டில் தங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் அதை ஏற்கவில்லை. கடைசியில் மேடமே இறங்கிவந்தார். அடுத்த எடை நாளில் அவர்களை உங்கள் சுகாதார நிலையத்துக்கே வரச்சொல்கிறேன், நீங்களும் வாருங்கள், குழந்தை கண்ணில் படாமல் தாய்க்கு மட்டும் செய்து காட்டுங்கள் என்றார்.

துணைக்கு நானும் போனேன். ஊசி போடும் அறையைக் காலி செய்து நர்ஸ் எங்களை உள்ளே விட்டாள். குழந்தை தகப்பனோடு பக்கத்து அறையில் இருந்தது. கண்ணாடிக் கடைக்காரி வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. அண்ணி அவள் முன்னால் நின்று, நான் உங்களிடம் பொய் சொல்லிவிட்டேன், முதல் வாய் நான்தான் ஊட்டினேன், மன்னித்துவிடுங்கள் என்றாள். அவ்வளவு உயரமான ஆள் அப்படிக் குனிந்து நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

கண்ணாடிக் கடைக்காரி பக்கத்து அறைக் கதவைப் பார்த்தாள்.

"அந்த போட்டோவ பெருசு பண்ணி மாட்டி வெச்சிருக்கோம். அதுல எங்கயோ பாக்கறா. ஜன்னலப் பாக்கறான்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். பிறகு, "உங்களைத்தான் பாத்திருக்கா" என்றாள்.

அண்ணி தலையாட்டினாள். கண்ணாடிக் கடைக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சரி, காட்டுங்கள் என்றாள்.

காட்டுவதற்குக் குழந்தை வேண்டுமே. அன்றைக்கு நான்தான் குழந்தை. நாற்காலியில் உட்கார்ந்து, என்னால் முடிந்த அளவு முறைத்தேன். அண்ணி டப்பாவைத் திறந்து மசித்த கிழங்கை ஒரு வாய் சாப்பிட்டாள். அவசரப்படக் கூடாது, அவள் நம் தொண்டையைப் பார்ப்பாள், விழுங்குவது தெரிய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். வாயைத் திறந்தாள். "ஆ, காலி." பிறகு இன்னொரு கரண்டியால் எனக்கு ஊட்டினாள். அடுத்து கண்ணாடிக் கடைக்காரி செய்தாள். முதல் தடவை வாயைக் கொஞ்சமாகத்தான் திறந்தாள், நான் வாயைத் திறக்க மறுத்துவிட்டேன். அந்த நிலைமையிலும் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த தடவை வெட்கத்தை விட்டுவிட்டு, தொண்டை தெரிய வாயைத் திறந்தாள். நான் சாப்பிட்டேன்.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்து அறைக்குப் போனாள். கதவு முழுதாகச் சாத்தவில்லை. நாங்கள் சுவரோடு சுவராக நின்றோம். கரண்டிச் சத்தம் கேட்டது. பிறகு "ஆ, காலி" என்று அவள் குரல். அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அண்ணி என் முழங்கையைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு வலித்தது. மறுபடி கரண்டிச் சத்தம், மறுபடி "ஆ, காலி". அப்புறம் அந்த ஆள், தகப்பன், விம்முகிற சத்தம் கேட்டது. நர்ஸ் வெளியே வந்து எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

அண்ணி அங்கிருந்த மரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கடைசி வாய்ப்பும் போய்விட்டது. தன் கையாலேயே கொடுத்தாகிவிட்டது. அதற்காகத்தான் வந்தாள், ஆனாலும் போய்விட்டது.

கிளம்பும்போதுதான் அது நடந்தது. நாங்கள் நடைபாதையில் திரும்ப, எதிரே அவர்கள் வந்துவிட்டார்கள். ஒளிய இடமில்லை. தாயின் தோளில் இருந்த இன்ஸ்பெக்டர் அண்ணியைப் பார்த்தாள். கன்னத்தில் கிழங்கு காய்ந்திருந்தது. அண்ணியின் வாய் அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது, எப்போதும் காட்டுவது போல. இன்ஸ்பெக்டர் புருவத்தைச் சுருக்கினாள். தலையிலிருந்து கால்வரை, வெகுநேரம், முதல் நாள் எங்கள் எல்லோரையும் பார்த்தாளே, அந்தப் பார்வை பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பித் தாயின் கழுத்தில் புதைத்துக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு அண்ணி வாயை மூடிக்கொண்டாள்.

"நல்லா மொறைக்கிறா. தேறிடுவா" என்றாள்.

அண்ணன் ஓட்டும் பேருந்திலேயே வீடு திரும்பினோம். ஏறும்போது அவன் எங்களைத் திரும்பிப் பார்த்தான். சாப்பிட்டாள் என்று அண்ணி சொன்னாள். அவன் முன்பக்கம் திரும்பிக்கொண்டான். எங்கள் நிறுத்தத்தில் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு போனான். பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நாங்கள் நடந்தோம்.

மதியம் தாண்டிவிட்டது. அண்ணி சோறு போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். கரண்டியில் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். விழுங்கினாள். நிமிர்ந்து எதிரே பார்த்து, வாயைத் திறந்தாள். எதிரே யாரும் இல்லை. அந்த வாய் அப்படியே திறந்திருக்க, அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் வராத அழுகை.

நான் என் இயந்திரத்தை விட்டு எழுந்துபோய் அந்த இடத்தில் உட்கார்ந்தேன்.  அவள் வாய்க்குள் நன்றாகப் பார்த்தேன். பிறகு என் வாயைத் திறந்தேன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறொரு கரண்டி எடுத்து, எனக்கு ஒரு வாய் ஊட்டினாள்.